மேல் இரண்டு விரற்கடை

பட்டிப்பொலச் சதுப்பில் நிலூகா குழாயைப் பிடித்துக்கொள்ள
நான் திருகினேன்.
ஒன்றரை மீட்டர் கருஞ்சேறு
வாழைத்தண்டு போல வழுகி வந்தது,
அழுகிய முட்டை நாற்றத்தோடு.

பேராதனையில் நுணுக்குக்காட்டிக்குக் கீழே
எண்ணப் பழகினேன்.
முதல் வாரம்
காற்றுக்குமிழியைக்கூட மகரந்தமென்று எழுதினேன்.
பிறகு கண் படிந்தது:
இது புல், காய்ந்த காலம்.
இது பன்னம், மழை விடாத வருஷங்கள்.
இந்தக் கரித்துகள்
யாரோ மூட்டிய தீ,
அல்லது வெறும் இடி.

மேல் இரண்டு விரற்கடையில்
காடு சட்டென்று நின்றுபோகிறது.
செம்மண். யூக்கலிப்டஸ்.
தேயிலையைத் தேடினேன்,
நாலு நாள், கழுத்து வலிக்க.
இல்லை.

வாரம் தவறாமல் கொழுந்து கிள்ளினால்
செடி எங்கே பூப்பது?
எங்கள் லயத்து ஆறு தலைமுறையும்
செக்ரோலில் பேர் போட்டது,
சேற்றில் போடவில்லை.

கடைசி வழுக்கியின் ஓரத்தில்
ஒரேயொரு மணி.
எந்த ஸ்ட்ரைக்கில்
எடுக்காமல் விட்ட மலையோ,
எவள் காய்ச்சலில் கிடந்த நிரையோ.

"உன் கோப்பையிலிருந்து விழுந்திருக்கும்"
என்று சிரித்தாள் நிலூகா.
நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே அட்டவணையில் எழுதினேன்:
தேயிலை, 1.