முப்பது மில்லி

சித்திரை வெயிலில், வேலூரில்,
குளியலறைத் தரையைச் சூடாக்க ஒயர் வேண்டுமென்றால்
கடைக்காரன் சிரிக்காமல் என்ன செய்வான்.
"இன்னாண்ணே, டேங்க் தண்ணியே
டீ போடற மாதிரி கீது, இதுக்குக் கரண்டா?"
பில் புத்தகத்தை மூடிவிட்டான் ரியாஸ்.

நவமணி சிஸ்டர் சிரிக்கவில்லை.
பெர்கனில் இருபத்தாறு வருஷம் நைட் டூட்டி.
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றி
வெறுங்காலை வைத்தால் தரை வெதுவெதுவென்றிருக்குமாம்.
"வந்துட்டியான்னு கேட்க
அந்த வீட்ல அது ஒண்ணுதான் தம்பி."
பாகாயத்திலும் மார்கழி இருக்கிறது என்றார்.
விடியற்காலை நாலரைக்கு ஓடு கடிக்கும்.
அது உண்மைதான்.

முதலில் எர்த் குழியைத் திறந்தேன்.
கம்பி இருந்தது. மண் இருந்தது. ஈரம் இல்லை.
மீட்டரில் நாற்பத்தேழு ஓம்.
தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் ஊரை அடுக்கிச் சொல்வார்கள்.
எர்த் இல்லா வீட்டை யாரும் சேர்க்கவில்லை.
ஆற்றைப் போல அது கண்ணுக்குத் தெரிவதில்லையே.
பத்தடி பைப், கரி, உப்பு, மூன்று நாள் தண்ணீர்.
மூன்று ஓமுக்கு இறங்கி வந்தது பூமி.

சுருட்டி வந்த பாயை விரித்தேன்.
ஒயரை ஒயர் தாண்டக் கூடாது.
நீளம் மிச்சமென்று வெட்டினால்
வெட்டியதுபோக இருப்பது கொதிக்கும்.
நூற்று நாற்பத்தொரு ஓம். லேபிளிலும் அதுவே.
மெக்கரின் முள் கடைக்கோடிக்கு ஓடியது.
முனிரத்தினத்திடம் இரும்புக் கரணையைப் பிடுங்கிக்கொண்டு
பிளாஸ்டிக் கரணையைக் கொடுத்தேன்.
முறைத்தான். ஆனாலும் ஓடு நேராக உட்கார்ந்தது.
அப்புறமும் அளந்தேன்.
எல்லாம் சரி.

இரண்டு நாள் கழித்து சுவிட்சைப் போட்டதும்
வீடே பட்டென்று அணைந்தது.
திரும்பப் போட்டால் திரும்ப அணைந்தது.
"அந்தப் பொட்டிதானே தகராறு பண்ணுது,
எடுத்துட்டு நேரா குடுத்துடலாமே?"
எல்லோரும் கேட்பதுதான்.
எடுத்தால் ஓடும். தரை சூடாகும்.
நூற்று நாற்பத்தொன்று அப்படியேதான் இருந்தது.
மெக்கர் மட்டும் பூஜ்யத்தின் காலடியில் படுத்துக்கிடந்தது.

"முப்பது மில்லி கசிஞ்சா
அது கட் பண்ணிடும் சிஸ்டர்."
"முப்பது மில்லி என்னது?"
மருந்தளவு கேட்கிற குரல்.
"ஆம்பியர். ஈரக்கால் வழியா நெஞ்சுக்கு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
விரல் மட்டும் காற்றில் ஒரு கோடு இழுத்தது,
மானிட்டரில் கோடு நடுங்குமே, அந்த மாதிரி.
"அதை நான் எத்தனை ராத்திரி பார்த்திருக்கேன்.
உடைங்க."

உடைத்தோம். விலை உயர்ந்த ஓடு இரண்டு.
கமோடை ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார்கள்.
போல்ட்டுக்கு ஜபருல்லா போட்ட துளையின் ஓரத்தில்
கொசு கடித்த அளவுக்கு ஒரு காயம்.
"அடியில ஒயர் இருக்குன்னு
எனுக்கு யாரு சொன்னா?"
யாரும் சொல்லவில்லை.
பாய் எங்கே முடிகிறது என்று
பென்சிலால் சிமெண்டில்தான் குறித்திருந்தேன் நான்.
அதன்மேல் ஓடு ஒட்டிவிட்டார்கள்.
ஓட்டுக் காசில் பாதியைக் கூலியில் கழித்துக்கொண்டேன்.
சிஸ்டருக்கு அது தெரியாது.

இப்போது மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம்
பாயின் படம் ஒட்டியிருக்கிறது,
சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்ற கணக்கோடு.
தெர்மோஸ்டாட் வெளிச்சுவரில், ஈரக்கை எட்டாத இடத்தில்.

தை பிறந்தும் குளிர் விடவில்லை.
ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில் போன் வரும்.
"டெஸ்ட் பட்டன் அமுக்கினேன் தம்பி.
எல்லாம் அணைஞ்சுபோச்சு.
ஃபேன், ஃபிரிட்ஜ், ஜெபக்கூட்டம் ஓடிட்டிருந்த டிவி."
"நல்லது சிஸ்டர்" என்பேன்.
இருட்டிலேயே சிரிப்பார்.
பிறகு அந்தச் சின்ன நெம்புகோலை
அவரே மேலே தள்ளும் சத்தம்
எனக்குக் கேட்கும்.