கோட்டோரம் ஓடுகிறவன்

நான் பொய் சொல்லவில்லை.
பதினோரு வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறேன்,
ரொட்டிக் கடையில், முடிதிருத்தும் நாற்காலியில்,
ஒருமுறை, யாரும் கேட்காமலே,
மரத்துப்போன வாயோடு பல் மருத்துவரிடம்.

சால்ட்டோ நகரம். ஞாயிறு. எண்பத்தேழாவது நிமிடம்.
ஆற்றுக்காற்று கொடித்துணியை
என் முழங்காலோடு ஒட்டிவைத்திருந்தது.
நடுக்களத்தில் இரிகோயன் பந்தை உதைத்தான்.
அந்தக் கணம் சபாலா
கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நின்றான்,
ஒரு தோள் அளவுக்கு.
பார்த்தேன்.
அவன் சட்டைக் கையில் தையல் விட்டிருந்தது,
அது வரைக்கும் பார்த்தேன்.
கொடியை உயர்த்தினேன்.

ஆரஞ்சுகள் வந்து விழுந்தன. உரிக்காதவை.
எங்கள் ஊரில் அவை மலிவு.
என் தாயைப் பற்றி நாலாயிரம் பேருக்கும்
ஒரே கருத்து இருந்தது.

செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சியில் நிறுத்திக் காட்டினார்கள்:
இரிகோயனின் காலணி பந்தைத் தொடுகிறது,
சபாலா தடுப்பாளனுக்கு ஒரு முழம் பின்னால்.
அந்த முழத்தை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்றது ஊர்.
எவ்வளவுக்கு என்றார்கள் சிலர்.
மிர்த்தா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை,
அது இன்னும் மோசம்.

இந்த மார்ச்சில் மொண்டெவிடியோவுக்கு அழைத்தார்கள்.
பல்கலைக்கழகத்துக்குப் பழைய லைன்ஸ்மேன்கள் வேண்டுமாம்;
பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு.
இருட்டறை. தாடையைத் தாங்க ஒரு கிண்ணம்.
ஃபொன்டோரா என்ற பெண், முப்பது வயதிருக்காது,
திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியை ஓடவிட்டாள்.
அது போகும் வழியில், கீழே, சிவப்பாய் ஒரு வெட்டொளி.
மின்னியபோது புள்ளி எங்கே இருந்தது?
முன்னால், என்றேன்.
மறுபடி. முன்னால்.
நாற்பது முறை. முன்னால், அம்மணி, நன்றாகவே முன்னால்.

பிறகு படம் படமாக நிறுத்திக் காட்டினாள்.
இரண்டும் நேர்க்கோட்டில் இருந்தன. நாற்பது முறையும்.

காகிதக் கோப்பையில் காப்பி ஆறிக்கொண்டிருக்க
அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:
கண்ணில் விழுந்த ஒளி காட்சியாவதற்குள்
உலகம் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.
மூளைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை;
ஓடுகிறவனை, அவன் போகவிருக்கும் இடத்தில்
முன்கூட்டியே நிறுத்திவைத்துவிடுகிறது.
(இது ஒரு விளக்கம்தான், வேறும் உண்டு,
எங்களுக்குள் இன்னும் சண்டை, என்று சிரித்தாள்.)
தவிர, இரிகோயனின் காலிலிருந்து சபாலாவின் தோளுக்கு
என் விழி தாவிய நேரத்தில்
நான் ஏறக்குறையக் குருடன்.
அந்தக் கிழிசலை உள்ளே யாரோ தைத்துவிட்டார்கள்,
நூல் வெளியே தெரியாமல்.

அப்படியானால் சட்டைக் கையின் தையல்? என்றேன்.
அதை அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.
பதில் சொல்லவில்லை.

இப்போது நான் பழம் தரம்பிரிக்கும் கொட்டகையில்.
பட்டை ஓடுகிறது, ஆரஞ்சுகள் ஓடுகின்றன,
காயம்பட்டதை எடுத்து வீசவேண்டும்.
கை எப்போதும் பழம் இல்லாத இடத்துக்குத்தான் போகிறது,
பழம் அங்கே வந்துசேர்கிறது.
ஒரு நாளைக்கு ஆறாயிரம் பழம், தவறுவதில்லை.
அன்றைக்கு என் பெயரைக் கெடுத்த அதே முழம்
இங்கே எனக்குச் சம்பளம் தருகிறது
என்று நினைத்துக்கொள்கிறேன்,
சரியா என்று ஃபொன்டோராவிடம் கேட்கவேண்டும்.

வியாழக்கிழமைகளில் சபாலா லாரி ஓட்டிவருகிறான்.
வயிறு போட்டுவிட்டது. என்னிடம் பேசுவதில்லை,
ரசீதை மட்டும் நீட்டுவான்.
நீ போய்ச்சேரவிருந்த இடத்தை, சபாலா,
உனக்கு முன்பே பார்த்துவிட்டேன்,
என்று எப்படிச் சொல்வது ஒருவனிடம்,
எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கையில்?

குளிர்காலம். கம்பளிச் சட்டை போட்டிருந்தான்.
கையெழுத்துப் போடுவதுபோல் குனிந்து
அவன் கைத் தையலைப் பார்த்தேன்.
முழுதாக இருந்தது.
இன்னொரு முறை பார்த்தேன்.