புக்குல்

புகார் வாரியம் பதினோராவது மாடியில்.
லிஃப்ட் ஒன்பது வரைதான்.
மீதியை ஏறி வந்தார்கள் தவமலரும் மகனும்,
ஒரு நெகிழிப் பைக்குள்
மருத்துவமனைச் சீட்டுகளோடு.

நான் மொழிபெயர்ப்பாளர், போலீஸ் இல்லை.
அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி.
சொன்னேன்.
கழுத்து அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு
"அவங்க ஆளா?" என்று மகனிடம் கேட்டார்.

படிவம் மலாயில்.
"அடிச்சாங்க" என்றதை
புக்குல் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் நேரம்.
அங்கே முன்பே அச்சாகியிருந்தது
புக்குல், பிறகு ஒரு வெற்றுக் கோடு.
அடிக்கும் மணிக்கும் மலாயில் ஒரே சொல்.
நம்மிடம் மட்டும் என்ன,
மணி அடிக்கத்தானே செய்கிறது.

"எத்தன மணிக்கு?"
லாக்கப்பில் கடிகாரம் இல்லை என்றான் யுகேந்திரன்.
பெல்ட்டை வாங்கிக்கொண்டார்கள், ஷூ கயிற்றை,
கைக்கடிகாரத்தை, மோட்டார் சாவியை.
சாவி இன்னும் வரவில்லை.
"அத மட்டும் வாங்கிக் குடுங்கக்கா, போதும்.
கேஸெல்லாம் வேணாம். வேலைக்குப் போவணும்."
அம்மா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி தெரியாதவர்களிடம் வேறு விதமாய்க் கேட்பேன்.
சாப்பாடு வந்துவிட்டதா,
காவலுக்கு ஆள் மாறினார்களா,
மழை பெய்ததா.
கொஞ்சம் யோசித்துச் சொன்னான்:
"அப்புறமா சுபு பாங்கு சொன்னாங்க.
இந்தப் பக்கம் கேட்டுச்சு."
வலது காதைத் தொட்டான்.
இடது பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

கோட்டின்மேல் எழுதினேன்: சுபுவுக்கு முன்.

அந்த அறையின் கேமரா
ஐந்திலிருந்து ஆறு வரை பழுதாம்.
நாலு ஐம்பத்தொன்பதில் ஒரு காலி பெஞ்சு.
ஆறு ஒன்றில் அதே பெஞ்சு,
தரையில் மட்டும் புது ஈரம்.

வாரியத்தார் ஐந்து பேர்.
அதில் ஒருவர் பல் மருத்துவர்,
ஈரத்தை முதலில் கண்டவர் அவர்தான்.
யாரையும் அழைத்துக் கேட்கலாம்,
கைது செய்ய முடியாது, வேலையை விட்டு நீக்க முடியாது.
பரிந்துரைக்கலாம்.
அந்தச் சொல் எழுதும்போதே எனக்கு
இரண்டாய்ப் பிரிந்துவிடும்.
பரிந்து, உரை.
பரிந்துதான் உரைத்தார்கள்,
பதினாறு பக்கம்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது, நாலு வரி.
கேமரா மாற்றப்பட்டுவிட்டது.
சாவி பற்றி ஒன்றும் இல்லை.

அன்று மாலை செந்தூல் போகும் ரயிலில்
எதிர் இருக்கையில் இளம் கான்ஸ்டபிள் ஒருவன்,
மடியில் தொப்பி, ஒரு பூட்ஸின் கயிறு அவிழ்ந்து.
திடுக்கென்று விழித்து என்னைப் பார்த்தான்.
"காக், புக்குல் பெராப்பா?"

மணிதான் கேட்கிறான்.
திறந்த வாயை மூடிக்கொண்டு
கைப்பேசியைத் திருப்பி அவனிடம் காட்டினேன்.
ஏழு பத்து.
தெரிமா காசி என்றவன்
ஜன்னலில் தலை சாய்த்து
மறுபடி தூங்கிப் போனான்.