நாலு மணி வெடி

எங்கள் ஊரில் நாலு மணிக்கு வெடி.
கடிகாரம் கட்டாதவர்களும் அதைக் கேட்டுத்தான் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள்.
பால் கறப்பது வெடிக்கு முன்,
மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும்.
பள்ளிக்கூடம் விடுவது வெடிக்குப் பின்.

அதை எழுதினேன் ஒருநாள்:
இன்று வெடி பெரிது,
மாதப்பன் வீட்டுச் சுவரில் விரல் நுழைகிற விரிசல்.
படமும் போட்டேன்,
அளவுக்கு என் சுண்டுவிரலோடு.

பதினோரு நிமிஷத்தில் பதில்:
உங்கள் பதிவு எங்கள் சமூக நெறிகளை மீறுகிறது.

எந்தச் சமூகம் என்று கேட்க அங்கே பொத்தான் இல்லை.
ஒப்புக்கொள்கிறேன் என்று ஒன்று,
பிறகு பார்க்கலாம் என்று ஒன்று.

வெடி என்ற சொல்தான் அதற்கு ஆகவில்லை
என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது.
அப்புறம் தேங்காய் என்று எழுதினோம்.
இன்று ரெண்டு தேங்காய்,
ஒன்று கோயில் பக்கம் விழுந்தது.
நஞ்சம்மா தெலுங்கில் எழுதினாள்,
சிவலிங்கா கன்னடத்தில் திட்டினான்.
வேப்பனப்பள்ளிப் பக்கம் மூன்று பாஷையிலும் வசவு உண்டு,
வசவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
விரிசல்தான் மீறல்.

குவாரிக்காரர் பக்கம் அப்படியே இருந்தது,
மரக்கன்று நடும் படத்தோடு,
நீல டிக்கோடு.

நாமே ஒன்று கட்டலாம் என்றான் திம்மராஜ்.
ஓசூரில் கம்பெனி மூடியபோது
சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்த பழைய சிபியூ.
என் ரீசார்ஜ் கடைக்குப் பின்னால்
காலி மாம்பழக் கூடைகளுக்கு நடுவில் வைத்தோம்,
அதற்கென்று தனியாக ஒரு மேசை விசிறி.
கரடு என்று பெயர்.
முதல் பக்கத்தில் ஒரே வரி:
இங்கே எதுவும் அழிக்கப்படாது.

கரண்ட் போனால் கருத்துச் சுதந்திரமும் போகும்,
வந்தால் வரும்.
முந்நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள்.
வெடியை வெடி என்றே எழுதினோம்,
தேதி போட்டு, நேரம் போட்டு,
யார் வீட்டு போர் தண்ணீர் மோர் நிறத்தில் வருகிறது என்பது வரை.
ஒருநாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஜீப் வந்தது,
மாதப்பன் சுவரை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனது.
அன்று கடையில் எல்லோருக்கும் மிக்சர்.

சித்திரையில் புதியவர்கள் வந்தார்கள்,
அங்கிருந்து விரட்டப்பட்டவர்கள், எங்களைப் போலவே.
எங்களைப் போல அல்ல என்பது
ஒரு வியாழக்கிழமை இரவு தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்
ஒரு பையனின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.
கீழே அவள் பெயர்.
அவன் எந்தத் தெரு.
அவள் அப்பாவின் செல் நம்பர்.
நம்ம பசங்க கவனிக்கவும்.

தொண்ணூறு பேர் பார்த்திருந்தார்கள்.
எந்த இயந்திரமும் அதில் எதையும் பிடிக்காது.
கவனிக்கவும் என்பது மரியாதையான சொல்.
அதில் வெடி இல்லை.

திம்மராஜுக்குப் போன் போட்டேன்.
எழுதி வைத்திருக்கிறோமே என்றான்,
அப்புறம் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.

அழித்தேன்.

காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி திறந்தது.
மென்பொருளோடு வந்த வாசகம்
எனக்கு முன்பே அதில் உட்கார்ந்திருந்தது:
உங்கள் பதிவு எங்கள் சமூக
அதுவரை படித்துவிட்டு அதையும் அழித்தேன்.

எழுதினேன்:
இதை எடுத்தது முனிரத்னா,
பஜனைக் கோயில் எதிரே ரீசார்ஜ் கடை.
அவளுக்கு ஏதாவது ஆனால்
என் கடை வழியாகத்தான் ஆகியிருக்கும்.
தப்பு என்று பட்டால் காலை பத்து மணிக்கு வா,
முகத்தைப் பார்த்துக் கேள்.

முதல் பக்கத்து வரியை இன்னும் மாற்றவில்லை.
அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன்.
மூன்று பேர் நின்றிருந்தார்கள்.
ஒருவருக்கு ரீசார்ஜ்தான்.