தாள் பறக்காமலிருக்க

கல்லை எடுத்துக் கொடுத்தவன் நான்.
முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கிசீ ஊரைத் தாண்டித்
தேயிலைச் சரிவை அறுத்துக்கொண்டு சாலை இறங்குமிடத்தில்
எங்கள் பள்ளிக்கூடத்து வாசல்.
அங்கேதான் பொசிபோரியின் தம்பி
இரண்டாம் வகுப்பு அபுகா
ஒற்றைச் செருப்போடு கிடந்தான்.
மற்றதை மூன்று நாள் கழித்து
வாழைத் தோப்பில் கண்டெடுத்தேன்.
அவளிடம் அதைக் கொடுக்கவில்லை.
கல்லைக் கொடுத்தேன்.

முதல் லாரி தப்பித்தது.
அடுத்ததன் முன்கண்ணாடி
மாவாக வெளுத்து உள்ளே சரிந்தது.
ஓடியிருக்கலாம். கால் வரவில்லை.
இறங்கி வந்தவன் அடிப்பான் என்று நின்றோம்.
அவனோ புல்லில் உட்கார்ந்து
சட்டைக் கையில் ஒட்டிய துணுக்குகளைப்
பேன் எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்தான்.
மொம்பாசாக்காரன், கசுங்கு என்று பெயர்.
அபுகாவை இடித்தவன் அவனில்லை.
இந்த வழிக்கே அன்றுதான் புதிது.
தண்ணீர் கேட்டான்.
நடுங்கும் விரலால் மூடியைத் திருகித் திருகி
பொசிபோரி தன் பாட்டிலை நீட்டினாள்.
குடித்துவிட்டுச் சாலையை மேலும் கீழும் பார்த்தான்.
"இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதென்று
ஒரு பலகைகூட இல்லையே?"

மறுநாள் அவள் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில்
கட்டம் கட்டமாகக் கோடுகள்.
லாரி. மட்டாட்டு வேன். மோட்டார் சைக்கிள்.
நின்றது. நிற்காதது.

கோபம் ஆறிவிட்டதா என்று கேட்டேன், மடையன்.
பென்சில் முனை ஒடிந்த சத்தம்தான் பதில்.

காலையில் மணி அடிக்கும் வரை,
மாலையில் கடைசிப் பிள்ளை சாலை கடக்கும் வரை,
தாடை இறுக, கண் இமைக்க மறந்து எண்ணினாள்.
நான் லாரிகளைப் பார்த்துக்கொண்டேன்.
கெருபோ மோட்டார் சைக்கிள்களை.
மழை பெய்தால் குடை நோட்டுக்கு, தலைக்கு இல்லை.
நாற்பத்தோரு நாள்.
சிறுபிள்ளைகள் கை காட்டியும் நிற்காதவை
ஆறாயிரத்துக்கும் மேலே.
நின்றவை நூற்றுப் பன்னிரண்டு.
அதில் ஒன்று, திரும்பி வந்த கசுங்கு.
புதுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
கையை உயர்த்தினான்.
அவள் கையை உயர்த்தவில்லை;
'நின்றது' கட்டத்தில் கோடு போட்டாள்.
சற்று நீளமான கோடு.

ஒரு மாலை ஆறாம் வகுப்பு ஒன்சிரி,
அபுகாவோடு பட்டம் விட்டவன்,
உள்ளங்கை நிறையக் கல்லோடு வந்து நின்றான்.
முகமெல்லாம் மூக்குச் சளி.
"எந்த வண்டி?" என்றான்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கல்லை வாங்கினாள், எடை பார்த்தாள்,
காற்றில் படபடத்த நோட்டின் மேல்
தாள் பறக்காமலிருக்க வைத்தாள்.
பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.
"சைக்கிள்களை யாரும் எண்ணவில்லை.
நீ எண்ணு."

சாலை அலுவலகத்தில்
எண்ணச் சொன்னது யார் என்று கேட்டார்கள்.
வாத்தியாரா? கட்சியா?
உதட்டைக் கடித்தபடி அவள் எண்களை மட்டும் வாசித்தாள்.
வெளியே வந்து
சுவரை ஓங்கி ஓர் உதை உதைத்தாள்.
ஒரு வாரம் நொண்டினாள்.
நொண்டிக்கொண்டே மறுபடி போனாள்.
ஐந்தாவது முறை நாற்காலி கொடுத்தார்கள்.

மே மாதம் வேகத்தடை வந்தது,
வெள்ளை வரிகளோடு, பலகையோடு,
பெட்ரோல் பம்ப்புக்கு முன்னால்.
வாசலிலிருந்து அறுபது அடி தள்ளி.

பொசிபோரி அதன் மேல் ஏறி நின்று
பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள்.
குனிந்தாள்.
ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்தாள்.
பெட்ரோல் பம்ப்பின் கண்ணாடி பளபளவென்றிருந்தது.
நான் மூச்சை நிறுத்தினேன்.

பையிலிருந்து புது நோட்டு வந்தது.
முதல் பக்கத்தில் 'அறுபது அடி' என்று எழுதி
அதன் மேல் கல்லை வைத்துவிட்டு
"டேப் யாரிடம் இருக்கிறது?" என்றாள்.

ஒன்சிரி ஓடினான்.

அந்தச் செருப்பு
இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.
இன்றைக்கும் கொடுக்கவில்லை.