செவுள்

புதுச்சேரியிலிருந்து முதல் பஸ்.
கன்னியக்கோயில் தாண்டும்போது
மடியிலிருந்த டேப்லெட்டில் சார்ஜ் எழுபத்தொன்று.
கடலூர் முதுநகரில் இறங்கி
வாடையைப் பிடித்துக்கொண்டே நடந்தால்
துறைமுகம் தானாக வந்துவிடும் என்றார் நடத்துநர்.
வந்தது.

ஏலம் முடிகிற நேரம்.
ஐஸ் வாங்கக் கடன் தரும் செயலி எங்களுடையது.
ஏழு பெண்களிடம் சோதிக்க வேண்டும்,
ஆளுக்குப் பதினைந்து நிமிடம்,
நன்றிக்கு ஓர் எவர்சில்வர் டப்பா.

முதல் திரை:
'ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சம்மதமா?'
கீழே பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான்.
எழுத்து சிறியதுதான்.
நிறம் போதும் என்றிருந்தோம்,
உலகத்துக்கே தெரிந்த நிறங்கள்.

அஞ்சலாட்சி சிவப்பை அழுத்தினார்.
'வேணாமாக்கா?'
'வேணும்னுதானே அமுக்குனேன்.'
தெய்வக்கன்னி, சிவப்பு.
இருசாயி, கையை முந்தானையில் துடைத்துவிட்டு, சிவப்பு.
ஏழில் ஐந்து.
குறிப்பேட்டில் எழுதினேன்: பயனர் பிழை.
அடிக்கோடும் போட்டேன்.

ஈரக் கைக்குத் திரை அசையவில்லை.
புறங்கையால் தட்டினார்கள், முழங்கையால் தேய்த்தார்கள்,
கண்ணாடியில் செதில் ஒட்டியதுதான் மிச்சம்.
ஒருவருக்குச் சங்கரா எடை போட்டுவிட்டுத் திரும்புவதற்குள்
'நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்.'
ரகசிய எண் மகன் போனுக்குப் போனது.
மகன் கடலில். டவர் கரையில்.
'அவன் வர்ற வரைக்கும் ஐஸ் நிக்குமா தம்பி?'
அந்தப் பதிலுக்கு என் தாளில் கட்டம் இல்லை.

பத்தரை மணி.
வீட்டுக்கு ஒரு கொடுவா வாங்கலாமென்று
பளபளப்பாக ஒன்றைக் காட்டினேன்.
சைக்கிளை மிதித்துவந்த டீக்கடைக்காரர்
என்னை இடித்துக்கொண்டு குனிந்து
கட்டைவிரலால் அதன் செவுளைத் தூக்கினார்.
உள்ளே வெளிறி, சாம்பலில் பச்சை கலந்து கிடந்தது.
போட்டுவிட்டார்.
அடுத்ததைத் தூக்கினார். ரத்தச் சிவப்பு.
'இதை எடு.'
அஞ்சலாட்சி என்னைப் பார்க்கவில்லை,
தராசைப் பார்த்தார்.

இருபது வருட ஏலத்தில்
நாளைக்கு நூறு தடவை
அந்த விரல்கள் பார்த்து எடுத்த நிறம்.
நாங்கள் மூன்று மாதம் ஏசி அறையில்
வாதாடித் தேர்ந்தெடுத்த பச்சையோ
கெட்டுப்போன மீனுடையது.

பயனர் பிழை என்பதை அடித்தேன்.
தாள் நனைந்திருந்தது.
அடித்ததும் அடிக்காததும்
ஒரே நீலமாகிவிட்டது.

'ஏழு பேர் போதாது' என்றார் மேலாளர்.
'சிவப்புன்னா ஆபத்து, அது விதி' என்றாள் அடுத்த மேசைக்காரி.
செவுளைத் தூக்கிக் காட்டியிருக்கலாம்,
ஆனால் கொடுவா அதற்குள் குழம்பாகியிருந்தது.

இழுபறிக்குப் பின் நிறங்களை எடுத்தோம்.
பொத்தான் உள்ளங்கை அகலமாயிற்று.
படிக்கத் தேவையில்லை, திரையே பேசும்.
ரகசிய எண்ணுக்குப் பதில்
குழுவில் இருவர் சாட்சி.
வாடிக்கை வந்தால் திரை காத்திருக்கும்.
இருசாயி கேட்ட மூன்றாவது பொத்தானும் வந்தது:
'கேட்டுட்டுச் சொல்றேன்.'
ஆமாம், இல்லை மட்டுமே தெரிந்த இயந்திரத்துக்கு
இதைப் புரியவைக்க ஒன்பது நாள் பிடித்தது.

வட்டி அதேதான்.
அதை வரைகிறவன் நானில்லை.
ஐஸ் விலையும் எங்கள் திரைக்கு வெளியே ஏறுகிறது.
இதைச் சொல்லாமல் விட்டால்
இந்தக் கவிதையும் ஒரு பச்சைப் பொத்தான்.

இரண்டாம் முறை போனபோது
அஞ்சலாட்சி எல்லா வரியையும் பேசவிட்டுக் கேட்டார்.
வட்டி வந்த இடத்தில் நிறுத்தினார்.
மறுபடி சொல்லவைத்தார்.
தெய்வக்கன்னியைக் கூப்பிட்டு
அவரையும் கேட்கவைத்தார்.
பிறகு புறங்கையால்
மூன்றாவதைத் தட்டிவிட்டுக் கூடையைத் தூக்கினார்.

இன்றோடு பதினோரு நாள்.
திரை காத்திருக்கிறது.