உள்வாய்

அ-பதிவேட்டில் அந்த மனைக்கு எதிரே
ஒரே சொல்: உள்வாய்.
ஏரி உள்வாய், சர்வே எண் இருநூற்றுப் பதினாலு.
மனுதாரர் பிலோமினா அருமைநாயகம்
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு
"உள்வாய்னா என்ன மேடம், தெருப் பேரா?" என்கிறார்.

வாய் என்றால் விழுங்குகிற இடம் என்று
எப்படிச் சொல்ல.
மூன்றாம் மாடி. இருபது வருஷத் தவணை.
கீழே வண்டி நிறுத்துமிடத்தில்
கார்த்திகைக்குக் கார்த்திகை இடுப்பளவு.

நான் யோக்கியம் இல்லை.
குடியிருப்பது முகப்பேர் ஏரித் திட்டத்தில்.
"ஏரி ஸ்கீமெல்லாம் எறங்கு" என்பார் நடத்துநர்,
நாங்களும் கால் நனையாமல் இறங்குவோம்.

புலப்படத்தை விரிக்கிறேன்.
துணி ஒட்டிய தாள், மடிப்பெல்லாம் கிழிசல்.
பெரிய ஏரியின் கலிங்கு இங்கே.
வழிந்தால் இந்த ஓடை.
ஓடை விழுவது சித்தேரி,
சித்தேரி தளும்பினால் தாங்கல்,
அதற்கும் மிஞ்சினால் சதுப்பு, பிறகு உப்பு.
ஒன்றின் மிச்சம் அடுத்ததன் வரவு.
வரைந்தவன் பேனா எந்த இடத்திலும் தாளை விட்டு எடுபடவில்லை.

அதே தாளின் மேல் இப்போது ஐந்து அலுவலகம்.
கரை நீர்வளத் துறைக்கு.
தண்ணீர் குழாய்க்குள் வந்தால் குடிநீர் வாரியத்துக்கு,
தெருவில் நின்றால் மாநகராட்சிக்கு.
மண் எங்களுக்கு.
மண்மேல் எழும்புவதற்கு அனுமதி எழும்பூரில்.
மழைக்கு மட்டும் கோப்பு எண் இல்லை.

பழசைக் கும்பிடச் சொல்லவில்லை.
கலிங்கில் பலகை சொருகி இரவெல்லாம் விழித்தவன் கையால்
ஒரு செம்புத் தண்ணீர் வாங்காத ஊர்கள் அவை.
இருட்டில் பலகையை ஒரு சாண் உயர்த்தி
கீழூரைக் காயப்போட்ட மேலூர்களும் உண்டு,
மண்டை உடைந்ததும் உண்டு.
ஆனால் யார் கதவைத் தட்டுவது என்று
உடைந்த மண்டைக்குத் தெரிந்திருந்தது.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டியிருக்கிறது:
வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் ஓலை
மறுபடி குடத்துக்குள் போகாது.
அவன் உறவுக்காரன் ஓலையும்.
ஏரி வாரியத்துக்கும் அதே விதி.
ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்
அந்த எழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்.
சுற்றறிக்கை இல்லை,
கல்.

சித்திரையில் இதே உள்வாய்க்கு லாரி வரும்.
இருசப்பன் ஓட்டுகிற பன்னிரண்டாயிரம் லிட்டர்.
எங்கே நிரப்பினாய் என்றால்
ஒருநாள் வடக்கே கை காட்டுவான், ஒருநாள் தெற்கே.
ஏரிக்குள் குடியிருப்பவர்கள்
இன்னோர் ஏரியைக் காசு கொடுத்து வாங்கி
மோட்டார் போட்டு மேலே ஏற்றுகிறார்கள்.
ஏரி இப்போது ஐந்து மாடி உயரத்தில்
கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியாக இருக்கிறது.

அந்தத் தொட்டியைப் பொருத்த வந்த பையன்
முதலில் கேட்டது, நிரம்பினால் எங்கே விடுவது என்று.
பதில் கிடைக்கும்வரை குழாயை அறுக்கவில்லை.
அவனை எந்தத் துறையில் சேர்ப்பது?

"பட்டா கிடைக்குமா மேடம்?"

பதில் சொல்லவில்லை. கேட்கிறேன்:
"மழைக்கு உங்க கட்டடத்துல தண்ணி
எந்தப் பக்கமா முதல்ல உள்ள வரும்?"

யோசிக்கவே இல்லை அவர்.
"பின்பக்கம், ஜெனரேட்டர் ரூமுக்கும் முருங்கைக்கும் நடுவுல.
எப்பவும் அங்கேருந்துதான்.
சுவர உசத்தினோம். சுவருக்கு அடியில வருது."

பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன்.
பழைய ஓடையின் நடுக்கோட்டில்
உட்கார்ந்துகொண்டது அது.
பதிவேட்டில் அகலம் பதினொரு மீட்டர்.
இடத்தில் இருப்பது
முருங்கைக்கும் சுவருக்கும் நடுவில்
ஒரு முழம்.

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு
பிலோமினா எழுந்து வந்து
என் பக்கமாக நின்று படத்தைப் பார்க்கிறார்.
விரல் புள்ளியில் தொடங்கி
மேலே, மேலே போகிறது.
"இது யார் வீடு?" என்கிறார்.